ஜனவரி 15, நுவரெலியா: ஒரு நாளின் வானிலைப் பதிவு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் அப்பா நுவரெலியாவுக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டத்து ஆபிஸில் கிளாக்கராக இருந்தார். தினமும் காலையில் மழைமானியைத் திறந்து அளந்து, நீல அட்டைப் புத்தகத்தில் எழுதுவது அவர் வேலைகளில் ஒன்று. அந்தப் புத்தகங்களில் சில இப்போது என்னிடம் இருக்கின்றன. வேறு தோட்டங்களின் புத்தகங்களையும் கேட்டு வாங்கிப் படியெடுத்து வருகிறேன். ஒவ்வொரு தைப்பொங்கலுக்கும் யாராவது என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "இதே நாளில் போன வருஷம் எப்படி? ஐம்பது வருஷத்துக்கு முந்தி எப்படி?" அதையொட்டி வந்த கேள்விகளையும் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

ஏன் ஜனவரி 15?

எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும் நாள் அது என்பதால். மார்ச் 9 அன்று மழை பெய்ததா என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. பொங்கலன்று விறகு ஈரமாக இருந்ததா, வாசலில் கோலம் நின்றதா, கைகள் விறைத்தனவா என்றால் எழுபது வயதுப் பாட்டிகூட யோசித்துச் சொல்வார். மனிதர்களின் ஞாபகத்தையும் புத்தகத்து எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க இதைவிட நல்ல நாள் கிடைக்காது.

அந்த நாளில் நுவரெலியா பொதுவாக எப்படி இருக்கும்?

நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில், சுற்றிலும் மலை சூழ்ந்த ஒரு கிண்ணம் போன்ற பள்ளத்தில் இருக்கிறது. பிதுருதலாகல, 2,524 மீற்றர், இலங்கையின் மிக உயர்ந்த மலை, பக்கத்திலேயே நிற்கிறது. ஜனவரி நடுவில் பகல் வெப்பம் 20 பாகை செல்சியஸை ஒட்டியும், விடியற்காலைக் குளிர் 9, 10 பாகையை ஒட்டியும் இருப்பது வழக்கம். இது சராசரி. தெளிந்த இரவாக இருந்தால் அதைவிட நன்றாகவே கீழே இறங்கும். மேகம் மூடியிருந்தால் அவ்வளவு குளிராது.

மழையைப் பொறுத்தவரை இது வடகீழ் பருவக்காற்றுக் காலம். அந்தக் காற்று முதலில் நனைப்பது பதுளைப் பக்கத்தையும் கிழக்குச் சரிவுகளையும். நுவரெலியா நடுவில் இருப்பதால் இரண்டு விதமாகவும் நடக்கும். சில வருஷம் நாள் முழுக்கத் தூறல், சில வருஷம் நீல வானமும் கடுங்குளிரும். ஒக்டோபர், நவம்பரின் பெரிய மழை ஓய்ந்து, பெப்ரவரி வறட்சி இன்னும் வராத இடைவெளி நாள் இது.

"15ஆம் திகதி மழை" என்று புத்தகத்தில் இருந்தால், அது 15ஆம் திகதி பெய்த மழைதானே?

பெரும்பாலும் இல்லை. ஒரே நாளின் பதிவைத் தேடி வருகிறவர்கள் முதலில் தடுக்கி விழுவது இங்கேதான், நானும் விழுந்திருக்கிறேன்.

என் தங்கை பிறந்தது ஒரு ஜனவரி 15 இரவு. அன்று பொங்கல் பானையை இறக்கிய கொஞ்ச நேரத்தில் மழை பிடித்தது, இரவு அம்மாவைக் கம்பளியால் மூடித் தோட்டத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள் என்று வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். அப்பா இறந்த பிறகு அந்த வருஷத்துப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். 15க்கு நேரே வெறும் கோடு. மழை இல்லை என்று அர்த்தம். எனக்கு மனசு ஒரு மாதிரி ஆகிவிட்டது. வீட்டுக் கதை பொய்யா, அப்பாவின் கணக்குப் பொய்யா? அப்புறம் அடுத்த வரியைப் பார்த்தேன். 16க்கு நேரே இரண்டு அங்குலத்துக்குச் சற்றுக் கூடுதல்.

இரண்டுமே உண்மைதான். மழைமானியை ஒரு நாளைக்கு ஒரு முறை, காலையில் பார்க்கிறார்கள். அதற்குள் இருப்பது முந்தைய 24 மணி நேரத்து மழை. வளிமண்டலவியல் திணைக்களத்தின் மழை நாள் காலை 8.30க்கு முடிகிறது. ஆகவே 16ஆம் திகதி காலை எடுத்த அளவில் 15ஆம் திகதி பகலும் இரவும் பெய்தது இருக்கும். 16இல் விடிந்து எட்டரை வரை பெய்ததும் அதிலேயே சேர்ந்திருக்கும். சில புத்தகங்களில் அந்த அளவை அளந்த நாளுக்கு நேரே எழுதுவார்கள், சிலவற்றில் முந்தைய நாளுக்கு நேரே. தோட்டங்களில் நேரமும் வேறு. எங்கள் அப்பா பெரட்டு (காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிப்பது) முடிந்து ஆட்கள் மலைக்குப் போனதும் அளப்பார், அது ஏழு மணிக்கு முன்பே முடிந்துவிடும்.

அதனால் ஜனவரி 15க்கு நேரே உள்ள எண்ணை எடுத்துக்கொண்டு ஓடாதீர்கள். 14, 15, 16 மூன்று வரியையும் எடுங்கள். புத்தகத்தின் முதல் பக்கத்தில் அளக்கும் நேரம் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

வெப்பநிலையில் இந்தச் சிக்கல் குறைவு. மிகக் குறைந்த வெப்பநிலை வழக்கமாக விடிவதற்குச் சற்று முன் வருகிறது, அன்று காலையே அதைப் பார்த்து எழுதிவிடுகிறார்கள். குளிரின் திகதியை நம்பலாம், மழையின் திகதியை விசாரித்துத்தான் நம்ப வேண்டும்.

தைப்பொங்கல் சில வருஷம் 14இல் வருகிறதே?

ஆமாம். 2025இல் 14ஆம் திகதி, 2024இலும் 2026இலும் 15ஆம் திகதி. சூரியன் மகரத்துக்குள் நுழையும் கணக்கு ஆங்கில நாட்காட்டியோடு சரியாக ஒத்துப்போவதில்லை, ஏறத்தாழ அறுபது எழுபது வருஷத்துக்கு ஒரு நாள் பின்னுக்குத் தள்ளிப்போகிறது. நூறு வருஷத்துக்கு முந்திய பொங்கலைத் தேடினால் ஜனவரி 13இலும் பாருங்கள். பெரியவர்கள் "பொங்கலன்று" என்று சொன்னால் வருஷத்தைக் கேட்டுக்கொண்டு, பழைய பஞ்சாங்கத்தில் திகதியை உறுதிப்படுத்தி, அப்புறம்தான் பதிவேட்டைத் திறக்க வேண்டும்.

புல் வெள்ளையாக உறைந்து கிடந்தது, கண்ணால் பார்த்தேன். பதிவில் 3 பாகை என்று இருக்கிறது. எது சரி?

இரண்டும் சரி. இதைப் பலர் நம்ப மறுக்கிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நிலையத்தில் வெப்பமானி வெளியில் தொங்குவதில்லை. வெள்ளைச் சாயம் பூசிய, பக்கங்களில் சாய்வுப் பலகை அடித்த ஒரு மரப்பெட்டிக்குள், தரையிலிருந்து நாலடிக்குச் சற்று மேலே இருக்கும். ஸ்டீவன்சன் பெட்டி என்பார்கள். அது அளப்பது நிழலில் உள்ள காற்றின் வெப்பம். புல்லோ தரையோடு இருக்கிறது. மேகம் இல்லாத, காற்று அசையாத, ஈரம் குறைந்த இரவில் தரை தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிட்டு, மேலே உள்ள காற்றைவிட வேகமாகக் குளிர்கிறது. பெட்டிக்குள் 3 பாகை இருக்கும்போதே புல்நுனி பூச்சியத்துக்குக் கீழே போய்விடும்.

இன்னொன்று, குளிர்ந்த காற்று கனமானது. தண்ணீர் மாதிரியே சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். நுவரெலியா குதிரைப் பந்தயத் திடலிலும் அம்பேவெலப் புல்வெளிகளிலும் பனி வெள்ளையாகப் படிந்திருக்க, இருநூறு அடி மேலே உள்ள லயத்தில் (தொழிலாளர் வீட்டு வரிசையில்) ஒன்றும் இருக்காது. ஒரே தோட்டத்தில் கீழ்மலை கருகும், மேல்மலை பச்சையாக நிற்கும்.

அந்தக் கருகலை ஒரு முறை பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். விடியும்போது கொழுந்து முழுக்க உப்புத் தூவின மாதிரி அழகாக இருந்தது. தொட்டால் இலை மொறுமொறுவென்று முறிந்தது. வெயில் ஏறியதும் பனி உருகி, இலை வெந்த கீரை மாதிரி தொங்கிவிட்டது. மத்தியானத்துக்குள் பழுப்பு, மறுநாள் கறுப்பு. பறிக்கக் கொழுந்து இல்லாததால் அந்த மலையில் பல நாள் வேலை இல்லை. உருளைக்கிழங்குக்கும் இதே கதிதான். வெயில் படுவதற்கு முன்பே எழுந்து தண்ணீர் தெளித்துப் பனியைக் கழுவி விடுகிற விவசாயிகள் இருக்கிறார்கள்.

ஆக, உங்கள் ஊரில் ஜனவரி 15 காலை பனி உறைந்ததா என்று தெரிய வேண்டுமானால் நிலையத்து எண் மட்டும் போதாது. புல்மட்ட வெப்பநிலை என்று தனியாகப் பதிவு இருந்தால் அதைப் பாருங்கள். இல்லாவிட்டால் தோட்டத்து நாட்குறிப்பில் "பனி" என்று ஒரு சொல் இருக்கிறதா என்று தேடுங்கள். அந்த ஒரு சொல் எனக்கு எண்ணைவிடப் பெரியது.

போனில் காட்டுகிற வெப்பநிலை ஏன் வேறாக இருக்கிறது?

போன் பெரும்பாலும் காட்டுவது எந்த வெப்பமானியும் அளந்ததை அல்ல. கணினியில் ஓடும் வானிலைக் கணக்கு ஒன்று தருவது. அந்தக் கணக்கு நாட்டைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒரு கட்டத்துக்கு ஒரு எண் தருகிறது. நம் பக்கத்தில் ஒரு கட்டத்துக்குள் ஒரு மலை உச்சியும் ஒரு ஆறும் இருக்கும். ஆயிரம் மீற்றர் ஏறினால் ஆறேழு பாகை குறையும் ஊரில் அந்த எண் யாருக்குப் பொருந்தும்? "பத்து வருஷத்துக்கு முன் இதே நாள்" என்று சில தளங்கள் காட்டுவதும் இப்படிக் கணக்கிட்டதாக இருக்கலாம். பார்க்கலாம், பதிவு என்று மேற்கோள் காட்டாதீர்கள்.

பழைய புத்தகத்தில் 2.15 என்று இருக்கிறது. இரண்டு மில்லிமீற்றரா?

இல்லை, அங்குலம். 1970களுக்கு முந்திய புத்தகங்களை அங்குலம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகும் சில தோட்டங்கள் பழக்கத்தை விடவில்லை. 25.4ஆல் பெருக்கினால் மில்லிமீற்றர், ஆகவே 2.15 ஏறத்தாழ 55 மில்லிமீற்றர். வெப்பநிலை 39 என்றிருந்தால் பயப்படாதீர்கள், அது பரன்ஹைட், செல்சியஸில் 4க்குச் சற்றுக் கீழே.

"வரலாறு காணாத" என்று செய்தியில் வந்தால் நம்பலாமா?

எத்தனை வருஷத்து வரலாறு என்று கேளுங்கள். ஒரு நிலையத்தில் நூறு வருஷப் பதிவு இருக்கிறது, காலநிலை மாறவே இல்லை என்று வைத்துக்கொள்வோம். நூறாவது வருஷத்து ஜனவரி 15 அந்தத் திகதிக்கான வெப்பச் சாதனையை உடைக்க வாய்ப்பு நூற்றில் ஒன்று. நூறு பொங்கலில் எது மிகச் சூடானதாகவும் இருக்கலாம், அதில் இது ஒன்று, அவ்வளவுதான். ஆனால் வருஷத்தில் 365 திகதிகள் உள்ளன. அப்படியானால் எதுவுமே மாறாவிட்டாலும் வருஷத்துக்கு மூன்று நாலு திகதிகளில் வெப்பச் சாதனை உடையும், மூன்று நாலில் குளிர்ச் சாதனை உடையும். பத்து வருஷப் பதிவு மட்டும் இருந்தால் முப்பத்தாறு திகதிகளில் உடையும்.

ஆகவே ஒரு திகதியின் சாதனை ஒன்று உடைந்தது என்பது தனியாகப் பெரிய செய்தி அல்ல. கவனிக்க வேண்டியது வெப்பச் சாதனைகளும் குளிர்ச் சாதனைகளும் எந்த விகிதத்தில் உடைகின்றன என்பது. இரண்டும் சமமாக உடைய வேண்டியவை. வெப்பப் பக்கம் கூடிக்கொண்டே போய்க் குளிர்ப் பக்கம் குறைந்துகொண்டே போனால், காலநிலை நகர்கிறது என்று அர்த்தம்.

மழையில் வேறொரு எச்சரிக்கை. இலங்கையில் ஒரே நாளில் பதிவான மிகப் பெரிய மழை மலையகத்தில் பெய்ததல்ல. வன்னியில், நெடுங்கேணியில், 1897 டிசம்பரில், 800 மில்லிமீற்றருக்கு மேல். வருஷம் முழுக்க அதிகம் நனைவது வட்டவளை, கினிகத்தேனைப் பக்கம்; அங்கே ஆண்டு மழை 5,000 மில்லிமீற்றரைத் தொடும். அதிக மழைக்கு ஊர் வேறு, ஒரு நாள் பேய்மழைக்கு ஊர் வேறு.

பெப்ரவரி 29க்குப் பதிவு உண்டா?

உண்டு, நாலில் ஒரு பங்குதான். அந்தத் திகதியின் சாதனையை மற்ற நாட்களோடு ஒப்பிட வேண்டாம்.

ஒரு நாள் மழையின் எண்ணுக்கு இவ்வளவு மெனக்கெடுவது ஏன்?

மலையில் வாழ்கிறவர்களுக்கு அந்த எண் உயிர் சம்பந்தப்பட்டது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கை மழை அளவை வைத்தே ஏறுகிறது: 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் என்றால் விழிப்பாக இருக்க வேண்டும், 100 என்றால் ஆயத்தமாக வேண்டும், 150ஐத் தாண்டினாலோ ஒரு மணி நேரத்தில் 75 பெய்தாலோ வெளியேற வேண்டும். பெரியவர்களுக்கு அங்குலத்தில் சொல்லுங்கள்: மூன்று, நாலு, ஆறு.

100 மில்லிமீற்றர் என்றால் எவ்வளவு? ஒரு சதுர மீற்றரில் 1 மில்லிமீற்றர் பெய்தால் 1 லீற்றர். 24 சதுர மீற்றர் லயக் கூரையில் அது 2,400 லீற்றர். ஒரு ஏக்கர் மலையில் நாலு லட்சம் லீற்றருக்கு மேல், அதாவது 400 தொன் தண்ணீர். அதில் ஒரு பகுதி வழிந்தோடும், மிச்சம் மண்ணுக்குள் இறங்கி மலையைக் கனக்கச் செய்யும்.

கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 அன்று லயங்களை மண் மூடியது காலை எட்டரைக்கு முன்பு. அன்றைய மழையைப் புத்தகத்தில் எழுத வேண்டிய நேரம் அதற்குப் பிறகுதான் வருகிறது. இதை நினைக்காமல் என்னால் எந்த மழைப் புத்தகத்தையும் திறக்க முடிவதில்லை. காலைப் பதிவு நடந்து முடிந்த மழையைச் சொல்கிறது. இரவில் ஆளைக் காப்பாற்றுவது மணிக்கு மணி பார்க்கிற அளவு. 2025 நவம்பர் கடைசி வாரத்தில் டித்வா புயலின் மழை மலையகத்தில் கொட்டியபோது, லயத்தில் ஒருவராவது நள்ளிரவில் டோர்ச் அடித்து மழைமானியைப் பார்ப்பது எவ்வளவு தேவை என்று பலருக்கும் புரிந்தது.

தோட்டத்துப் பதிவுகளை நம்பலாமா?

நம்பலாம், ஆனால் வாசிக்கத் தெரிய வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஆபிஸ் பூட்டியிருக்கும். அதனால் பல புத்தகங்களில் ஞாயிறு வெறுமையாகவும் திங்கள் இரண்டு நாள் மழையைச் சுமந்தும் இருக்கும். அந்தத் திங்களை "அதிக மழை நாள்" என்று எடுத்தால் தவறு. பொங்கலும் விடுமுறைதான், 15க்கு நேரே உள்ள வெறுமை மழை இல்லாததா, அளக்கப் போகாததா என்று பார்க்க வேண்டும். அப்பா மழை இல்லையென்றால் கோடு போடுவார், அளக்காவிட்டால் வெறுமையாக விடுவார். எல்லோரும் அப்படியில்லை.

சரிபார்க்க ஒரு வழி உண்டு. அதே நாளின் செக்ரோலை, அதாவது ஆட்களின் வேலைப் பதிவேட்டை, பாருங்கள். காலையிலேயே கடும் மழை என்றால் வேலை நின்று பலருக்கு அரைப் பேர் (அரை நாள் வேலைக் கணக்கு) விழுந்திருக்கும். மழைப் புத்தகத்தில் கோடு, செக்ரோலில் அரைப் பேர் வரிசை என்றால் எங்கோ திகதி மாறியிருக்கிறது. ஈரக் கொழுந்தை நிறுக்கும்போது தண்ணீர் எடை என்று கழித்த இறாத்தலும் ஒரு சாட்சி. அப்படிக் கழித்த கணக்கில் எங்கள் ஆட்கள் பட்ட மனக்கசப்பு நிறைய. இன்று அதே வரி அன்று மழை பெய்தது என்று நமக்குச் சொல்கிறது.

அதிகாரபூர்வமான பழைய பதிவு எங்கே கிடைக்கும்?

கொழும்பு பௌத்தாலோக மாவத்தையில் உள்ள வளிமண்டலவியல் திணைக்களத்தில். 1907இல் கொழும்பு அவதான நிலையமாகத் தொடங்கி 1948இல் திணைக்களமான இடம் அது. நிலையம், திகதி, வருஷங்களைக் குறிப்பிட்டு விண்ணப்பித்துக் கட்டணம் செலுத்திப் பெறலாம். தலவாக்கலையில் சென் கூம்ஸ் தோட்டத்தில் உள்ள தேயிலை ஆராய்ச்சி நிலையமும் நீண்ட காலமாக வானிலையைப் பதிந்து வருகிறது.

வீட்டில் நானே அளக்கலாமா?

தாராளமாக. பக்கங்கள் நேராக உள்ள, வாயும் அடியும் ஒரே அகலமான ஒரு தகர டின் போதும். கூரை, மரத்திலிருந்து அவற்றின் உயரத்தைப் போல் இரண்டு மடங்கு தள்ளி, சாயாமல் பதித்து வையுங்கள். தினமும் ஒரே நேரத்தில் உள்ளே அடிமட்டத்தை நிறுத்திப் பாருங்கள். எழுதும்போது நேரத்தையும் எழுதுங்கள்.

எங்கள் தோட்டத்து ஸ்டோரில் பழைய மழைப் புத்தகங்கள் கிடக்கின்றன. என்ன செய்வது?

இந்தக் கேள்விக்காகவே மற்றதையெல்லாம் எழுதினேன். 1970களில் தோட்டங்கள் அரசுக்குப் போனபோதும், 1992இல் மீண்டும் கம்பனிகளிடம் போனபோதும் ஆபிஸ்கள் கைமாறின. எத்தனையோ புத்தகங்கள் அப்போது கரையானுக்கும் கொழுந்து வாட்டும் அடுப்புக்கும் போயின. மிஞ்சியவற்றில் தான் நம் ஊர்களின் நூறு பொங்கல் இருக்கிறது.

துரையிடமோ (தோட்ட முகாமையாளர்) பெரிய கிளாக்கரிடமோ அனுமதி கேளுங்கள். எடுத்துப் போக விடாவிட்டால் அங்கேயே, ஜன்னல் வெளிச்சத்தில், ஒவ்வொரு பக்கமாகப் போனில் படம் எடுங்கள். வெற்றுப் பக்கத்தையும் விடாதீர்கள்; 1983 ஜூலை போன்ற மாதங்களில் பக்கம் ஏன் வெறுமையாக இருக்கிறது என்பதும் ஒரு பதிவுதான். அட்டையையும் முதல் பக்கத்தையும் கட்டாயம் எடுங்கள். பிழை என்று தோன்றுவதைத் திருத்தாதீர்கள். அப்புறம், அந்த ஆபிஸில் வேலை செய்த யாராவது உயிரோடு இருந்தால், மழைமானி எங்கே நின்றது என்று அவரிடமே கேளுங்கள். அப்பாவின் முதல் புத்தகத்தின் உள்ளட்டையில் பென்சிலால் இப்படி இருக்கிறது: "ஆபிஸ் பின்புறம், கிணற்றுக்கு மேல் பக்கம். சவுக்கு மரம் வெட்டியாச்சு." அந்த மரம் வெட்டுவதற்கு முன் வரை மழைமானியில் விழ வேண்டிய மழையில் கொஞ்சம் கிளைகளில் தங்கியிருக்கும், எந்த வருஷத்திலிருந்து எண்கள் சரி என்று அந்த ஒரு வரியை வைத்துத்தான் இப்போது பிரித்து எழுதிக்கொண்டிருக்கிறேன்.